பாத்தி ஒன்று, ஊசி இரண்டு: கிராமத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

முதல் வருடம் என் கையில் செத்த செடிகளில் பாதிக்கு மேல் தண்ணீர் அதிகமாகிச் செத்தவை. நகரத்தை விட்டு வந்த புதிது. காலையில் எழுந்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போவேன். மதியம் வெயில் ஏறினால் நாற்றுகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும், இன்னொரு தடவை ஊற்றுவேன். சாயங்காலம் சும்மா உட்கார முடியாமல் மறுபடியும் ஒரு தடவை. ஒருநாள் விடிந்து பார்த்தால் தக்காளி நாற்றுகள் வரிசையாகப் படுத்திருந்தன. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூல்போல மெலிந்து கறுத்திருந்தது. அதற்கு நாற்றழுகல் என்று பெயர், ஈரம் வற்றாத மண்ணில் பூஞ்சை செய்கிற வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போதுதான் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தேன். ஆசையால் இல்லை, கையைக் கட்டிப்போட. தோட்டத்தில் விதைத்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லாத நாட்கள் நிறைய உண்டு. அந்த நாட்களில் கைக்கு வேறு வேலை இருந்தால் செடி பிழைக்கும். எதிர்ப்பக்கமும் உண்மைதான். கண்ணி, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையம், தப்பி, பின்னியதைப் பிரித்து, மறுபடி தப்பி, ஊசியை எறியலாம் என்று தோன்றும்போது எழுந்துபோய்க் கால்மணி நேரம் களை பிடுங்கிவிட்டு வந்தால் கோபம் தணிந்திருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கச் சொல்கிறேன். இரண்டையும் சின்னதாகவே தொடங்க வேண்டும்.

பாத்திக்கு இடம்

வீட்டைச் சுற்றி நிலம் கிடக்கிறதே என்று மொத்தத்தையும் கொத்திவிடாதீர்கள். நான்கடி அகலம், எட்டடி நீளம், ஒரே ஒரு பாத்தி. அகலம் நான்கடியைத் தாண்டக் கூடாது. இரு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். உள்ளே காலை வைத்தால் மண் இறுகிவிடும், இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் இல்லை, வழியும் இல்லை.

இடம் தேர்வதற்கு ஒரு நாளைச் செலவழியுங்கள். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என மூன்று தடவை போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் கிடைத்தாலும் ஓடிவிடும். அப்புறம், தண்ணீர்க் குழாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் எடுங்கள். தூரத்தில் போட்ட பாத்தியை இரண்டாம் மாதம் எட்டிப்பார்க்கக்கூட மனம் வராது.

மண்ணைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், உள்ளங்கை போதும். லேசாக ஈரமான மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் மணல் அதிகம். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் பொலபொலவென்று உடைந்தால் நல்ல மண். கட்டைவிரலால் தள்ளத் தள்ள நாடா மாதிரி நீண்டால் களிமண். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்றாக மக்கிய உரம். பாத்தி முழுக்க இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேல்மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். களிமண்ணாக இருக்கிறதே என்று மணலைக் கொட்டாதீர்கள். அது செங்கல் மாதிரி இறுகிப்போகும்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டில் மாடு இருந்தால் பச்சைச் சாணம் இலவசமாகக் கிடைக்கும். அதை நேரடியாகப் பாத்தியில் போடாதீர்கள். வேர் வெந்துபோகும், கிருமி பயமும் உண்டு, குறிப்பாகப் பச்சையாகச் சாப்பிடுகிற காய்களுக்கு. குவித்து வைத்து, மாதக்கணக்கில் மக்கவிட்டு, சாணி வாடை போய் மண் வாசனை வந்த பிறகு எடுங்கள்.

கோழியோ ஆடோ சுற்றுகிற இடமாக இருந்தால் வேலிதான் முதல் வேலை, விதை அப்புறம். முளைத்த பாத்தியைக் கிளறி முடிக்க ஒரு கோழிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

என்ன விதைப்பது

நான்கே பயிர். அதுவும் வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதாக இருக்கட்டும். ஆனால் ஒன்று கட்டாயம் முள்ளங்கி. சிறிய உருண்டை ரகம் 25 முதல் 30 நாளில் கைக்கு வந்துவிடும். புதிதாக வந்தவருக்கு அந்த வேகம் தேவை. ஒரு மாதத்தில் ஒன்றாவது பிடுங்கிக் கடித்துப் பார்த்தால்தான் தக்காளிக்குக் காத்திருக்கப் பொறுமை வரும்.

மற்ற மூன்றுக்கு என் யோசனை: குத்துச்செடி பீன்ஸ், வெண்டை, தக்காளி. பீன்ஸும் வெண்டையும் விதைத்த 50, 60 நாளில் காய்க்கத் தொடங்கும். வெண்டை விதையை முந்தின இரவு தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும், ஓடு கெட்டியானது. பீன்ஸ் விதையை ஊறவைக்க வேண்டியதில்லை. குளிர்ந்த, சொதசொத மண்ணில் அது முளைக்காமல் அழுகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தக்காளிக்கு முதல் வருடம் விதையோடு மல்லுக்கட்டாமல் நாற்றாக வாங்கி நடுங்கள். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணுக்குள் இறக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடுகிற செடி அது.

எப்போது விதைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் இந்த வாரம் என்ன போடுகிறார் என்று வேலிக்கு மேலாக எட்டிப் பாருங்கள். விதை உறையில் அச்சடித்திருப்பதைவிட அது நம்பகமானது. பேச்சுக்கும் ஒரு சாக்கு.

ஆழத்துக்கு ஒரே விதி: விதை எவ்வளவு தடிமனோ அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. முள்ளங்கி விதை அரை விரற்கடைக்கு மேல் போகக் கூடாது. இடைவெளிதான் புதியவர்கள் எல்லாரும் ஏமாறுகிற இடம். தக்காளிச் செடிகளுக்கு நடுவே 60 செ.மீ., வெண்டைக்கு 30, பீன்ஸுக்கு 10 முதல் 15, சிறு முள்ளங்கிக்கு 5. நட்ட அன்று பாத்தி காலியாகத் தெரியும். தெரியட்டும். அந்தக் காலி இடத்தில் முள்ளங்கி விதைத்துக்கொள்ளலாம், தக்காளி பரவுவதற்குள் முள்ளங்கி கிளம்பிவிடும். முள்ளங்கியையும் ஒரே நாளில் மொத்தமாக விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நாற்பது முள்ளங்கி, அப்புறம் ஒன்றுமில்லை.

விதைத்த அன்று சாயங்காலம்

கையைக் கழுவுங்கள். இனி முளை தெரிய ஐந்தாறு நாள் ஆகும். பின்னலைத் தொடங்க நல்ல நேரம்.

வாங்க வேண்டியது: நடுத்தர தடிமனில் ஒரு உருண்டை பருத்தி நூல், வெளிர் நிறம். 4.5 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, மரமோ மூங்கிலோ. உலோக ஊசி வழுக்கும், ஆரம்பத்தில் கண்ணிகள் நழுவி ஓடும். கறுப்பு, கருநீலம் வேண்டவே வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணி எது, இடைவெளி எது என்று தெரியாது. பஞ்சுபஞ்சாக மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் கடையில் ஆசை காட்டும். தப்பினால் பிரிக்க முடியாது, தவிர்த்துவிடுங்கள்.

முதல் வேலையாக எல்லாரும் கழுத்துக்கு மப்ளர் பின்னத் தொடங்குவார்கள். ஒன்றரை மீட்டர் நீளம் ஒரே மாதிரிப் பின்ன வேண்டும், பாதிப் பேருடைய மப்ளர் அலமாரிக்குள் முக்கால் அடியோடு நின்றுபோயிருக்கும். அதற்குப் பதில் ஒரு சாண் சதுரத்தில் சமையலறைத் துணி பின்னுங்கள். நான்கைந்து சாயங்காலத்தில் முடியும். கோணலாக வந்தாலும் பாத்திரம் துடைக்கும்.

நூல் நுனியிலிருந்து, துணியின் அகலத்தைப்போல மூன்று மடங்கும் அதோடு ஒரு சாணும் அளந்து, அங்கே ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். அதுதான் முதல் கண்ணி. பிறகு தொங்குகிற நுனிநூலைக் கட்டைவிரலிலும் உருண்டையின் நூலைச் சுட்டுவிரலிலும் மாட்டி, 36 கண்ணி ஏற்ற வேண்டும். இந்த ஏற்றுகிற வேலையை மட்டும் எழுத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டட்டும், ஆள் இல்லாவிட்டால் ஒரு வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இறுக்கமாக ஏற்றாதீர்கள். கண்ணி ஊசியில் தாராளமாக நகர வேண்டும்.

இனி நிட் என்கிற அடிப்படைப் பின்னல். கண்ணிகள் ஏறிய ஊசி இடக்கையில், காலி ஊசி வலக்கையில், நூல் பின்பக்கம். வலது ஊசியின் முனையை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னுக்கு நுழையுங்கள். பின்னால் நிற்கிற நூலை அந்த முனையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய நூலோடு முனையைக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். நுழை, சுற்று, இழு, நழுவு. முதல் நாள் வாய்விட்டே சொல்லிக்கொண்டு பின்னினேன். வீட்டில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் விரல்களே சொல்லிக்கொண்டன. இடக்கைக்காரர்களும் இதே முறையில் கற்கலாம், இரண்டு கைக்கும்தான் வேலை இருக்கிறது.

வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி, மறுபடியும் அதே நிட். எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால் துணியில் வரப்பு வரப்பாக மேடு தெரியும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. கணக்கு எளிது: 36 கண்ணிக்கு 36 வரப்பு வந்தால் துணி கிட்டத்தட்டச் சதுரமாகியிருக்கும், அளவுகோலே வேண்டாம்.

ஒவ்வொரு வரப்பு முடிந்ததும் கண்ணியை எண்ணுங்கள். 36 இருந்தது 39 ஆகியிருந்தால் தப்பு பெரும்பாலும் ஓரத்தில்தான். வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டிருப்பீர்கள். அப்போது முதல் கண்ணி இரண்டு கால் விரித்து நிற்கும், நாம் அதை இரண்டாக நினைத்துப் பின்னிவிடுவோம். நூல் ஊசிக்கு அடியாகப் பின்னால் போனால் சரி. எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கிக்கொண்டிருக்கும். பதறாமல் ஒரு ஊக்கை அதில் மாட்டி நிறுத்துங்கள். குரோஷே கொக்கி ஒன்று இருந்தால் ஏணியின் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணிக்குள் இழுத்து மேலே ஏற்றிவிடலாம்.

முடிக்க: இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்டவிடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டவிடுங்கள். கடைசிக் கண்ணி வந்ததும் ஒரு சாண் விட்டு நூலை அறுத்து அதற்குள் இழுத்து, மீதியை ஊசியால் வரப்புக்குள் ஓட்டி மறையுங்கள்.

தண்ணீர், மூடாக்கு, பூச்சி

இதற்குள் முளை தெரிந்திருக்கும். ஊற்ற வேண்டும் என்று கை பரபரக்கும். முதலில் விரல். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் திரும்பிப்போய் இன்னும் நான்கு வரப்பு பின்னுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் என்பார்கள். நம் பாத்தி சுமார் 3 சதுர மீட்டர், ஆக 75 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் ஏழெட்டு நடை, அதை வாரத்தில் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஆழ நனைப்பது நல்லது. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும். கடும் வெயிலில், மணல் பாங்கான மண்ணில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். நாற்றுப் பருவத்தில் மேல்மண் முற்றிலும் காயவும் கூடாது. அப்போதும் கேட்க வேண்டியது விரலைத்தான். ஊற்றுவது காலையாக இருக்கட்டும், வேருக்கு ஊற்றுங்கள், இலைக்கு அல்ல.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைக்கிறதோ அதை ஐந்தாறு செ.மீ. உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். களை குறையும், ஈரம் நிற்கும். தக்காளி காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து போகிறதே, அதுவும் பெரும்பாலும் இதில் சேர்ந்ததுதான். ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் கொடுத்தால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராது. மூடாக்கு ஈரத்தைச் சீராக வைக்கும்.

பூச்சிக்கு வாரம் இரண்டு நாள் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி கூட்டமாக ஒட்டியிருந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி திரவ சோப்பு கலந்து, ஒரு இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு, பிறகு வெயில் தாழ்ந்ததும் செடிக்கு அடியுங்கள். பொறிவண்டு தென்பட்டால் அதுவும் வேண்டாம், அசுவினியை அதுவே தின்னும். வண்டின் குஞ்சுப் புழு கறுப்பாக, முதலை மாதிரி இருக்கும். எதிரி என்று நினைத்து நசுக்கிய ஆட்களில் நானும் ஒருத்தி.

பறிப்பது

வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறிக்கிற பதத்துக்கு வரும். நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். பீன்ஸும் அப்படித்தான். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால், விதை போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கப் பறிக்கக் காய்க்கும்.

தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் வாசனை போய்விடும், இவ்வளவு பாடுபட்டதே அந்த வாசனைக்குத்தான். காம்பு கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி வையுங்கள். கீரையை மட்டும் ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைக்கலாம். அந்தச் சதுரப் பருத்தித் துணி இதற்குப் பொருத்தம்.

காய் வரத் தொடங்கும் நேரத்தில் ஒரு பை பின்னிக்கொள்ளுங்கள். அதே பருத்தி நூல், ஆனால் 8 மி.மீ. ஊசி. மெல்லிய நூலும் தடித்த ஊசியும் சேர்ந்தால் கண்ணிகள் வலைபோல விரியும், காய்க்குக் காற்றுக் கிடைக்கும், ஒட்டிய மண்ணும் உதிர்ந்துவிடும். 30 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளத்தில் நிட்டாகவே ஒரு துண்டு. நடுவில் மடித்து இரு பக்கமும் தைத்தால் பை. பிடிக்கு 6 கண்ணியில் ஒரு பட்டை, 4.5 மி.மீ. ஊசியில், இறுக்கமாக. சுமை ஏறினால் பட்டை நீளும், ஆகவே வேண்டிய நீளத்தைவிட ஒரு கை அகலம் குறைத்துப் பின்னுங்கள். என் முதல் பையின் பிடி இரண்டு கிலோ தக்காளியோடு முழங்காலைத் தொட்டது.

குல்லாய்க்குப் போகுமுன் ஒரு கணக்கு

அடுத்தது கம்பளி நூலில் குல்லாய். இங்கே பர்ல் கற்க வேண்டியிருக்கும். நூல் முன்பக்கம் நிற்க, ஊசியைப் பின்னாலிருந்து முன்னுக்கு நுழைப்பது, அவ்வளவுதான். இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாற்றி மாற்றிப் பின்னினால் ரப்பர் மாதிரி இழுபடுகிற விளிம்பு கிடைக்கும்.

மாதிரித் துண்டு பின்னாமல் குல்லாயைத் தொடங்காதீர்கள். நூல் உருண்டையின் லேபிளில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், குல்லாய்க்கு 50 செ.மீ. சுற்றளவு, ஆக 100 கண்ணி. சரி. ஆனால் உங்கள் கை கொஞ்சம் தளர்வாகப் பின்னி 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 100 கண்ணி 55 செ.மீ.யைத் தாண்டும். குல்லாய் கண்ணை மறைக்கும். ஒரு சாண் சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 20க்குக் குறைந்தால் ஊசியை ஒரு அளவு சிறிதாக மாற்றுங்கள், கூடினால் பெரிதாக. வேண்டிய நூலை ஒரே தடவையில், லேபிளில் ஒரே சாய எண் இருக்கும்படி வாங்குங்கள். எண் மாறினால் நிறமும் லேசாக மாறும், கடையில் தெரியாது, தலையில் தெரியும்.

கம்பளியைச் சூடான தண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் படுக்கையாகக் காயவையுங்கள். துவைக்காமல் எடுத்துவைத்த கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தேடிவரும். வியர்வையும் அழுக்கும் பட்ட இடம் அதற்குப் பிடிக்கும். பருத்தியை அது சீண்டுவதில்லை.

மண்வெட்டி பிடித்த விரல் சொரசொரப்பாகி நூலில் சிக்கும். தோட்டத்துக்குப் போகுமுன் ஒரு சோப்புக் கட்டியை நகத்தால் பிறாண்டிக்கொள்ளுங்கள். நகத்துக்கடியில் சோப்பு நிறைந்துவிட்டால் மண் போக இடமில்லை, கழுவியதும் வந்துவிடும். வந்ததும் கைக்கு எண்ணெய் தடவி, அது ஊறும்வரை காத்திருந்துவிட்டு ஊசியைத் தொடுங்கள். எண்ணெய்க் கை பட்ட வெளிர்நிற நூலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பீன்ஸ் ஓய்கிற சமயத்தில் நல்ல செடியாக இரண்டைப் பறிக்காமல் விடுங்கள். காய் மஞ்சளாகி, காய்ந்து, ஆட்டினால் கிலுகிலுக்கும்போது உரித்து விதையை எடுங்கள். பீன்ஸ் பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்வதால் வீட்டு விதை தாயைப்போலவே வரும், வீரிய ஒட்டு ரகமாக இல்லாமலிருந்தால். வெள்ளரி, பூசணி வகைகளில் இதை நம்ப முடியாது, பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் கலந்திருக்கும். இன்னும் ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, ரகமும் வருடமும் எழுதி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். குல்லாய் பின்னிய நூலின் லேபிளையும், அதைச் சுற்றி ஒரு முழம் மீதி நூலையும் அதே டப்பாவில் போடுங்கள். கம்பி வேலியில் மாட்டிக் குல்லாய் கிழிகிற நாளில் தைக்க வேண்டியிருக்கும்.